சாமிக்குக் கீழே சாக்லேட்

விளம்பரக் கலையைப் பற்றிக் கோவில்பட்டிக்காரனுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். அவன் சோறு தின்றதே அதில்தான். மழை பெய்தால் பருத்தி, கம்பு, கடலை. பெய்யாவிட்டால் தீப்பெட்டி. கரிசல் காட்டில் பெய்யாத வருஷங்கள்தான் ஜாஸ்தி என்பதால் தீப்பெட்டி தழைத்தது. மருந்து முக்கின குச்சி காய்வதற்கு வெயில் வேண்டும், அது ஓசியில் கிடைத்தது. வேலைக்கு ஆள் வேண்டும், வானத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்துப்போன சம்சாரிகள் ஏராளமாக இருந்தார்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்கு ரயிலேறிப் போய்த் தொழில் படித்து வந்து, மறு வருஷமே சிவகாசியில் ஆலை போட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதற்கப்புறம் நடந்ததுதான் நமக்கு வேண்டிய கதை.

குச்சி ஒன்றுதான், மருந்து ஒன்றுதான், பெட்டி ஒன்றுதான். இந்தக் கம்பெனிக் குச்சிக்கும் அந்தக் கம்பெனிக் குச்சிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க அக்னி பகவானாலும் ஆகாது. அப்புறம் எப்படி ஒன்றை விட்டு இன்னொன்றை வாங்குவது? மேலே ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்துத்தான். புலி, கிளி, தாமரை, ஆகாய விமானம் என்று லேபிள் லேபிளாக அச்சாகி வந்தது. சரக்கில் வித்தியாசம் இல்லாதபோது படத்தில் வித்தியாசம் காட்டுவதுதான் தொழில் என்பதை, முற்றத்தில் சம்மணம் போட்டுப் பெட்டி ஒட்டிய ஆச்சிகள் அறிந்திருந்தார்கள். இதே விஷயத்தைப் பிற்காலத்தில் கோட்டு சூட்டு போட்ட ஆட்கள் குளிர்சாதன அறையில் இரண்டு நாள் பேசி, மத்தியானச் சாப்பாடும் போட்டுச் சான்றிதழும் கொடுத்தார்கள்.

லேபிள் தொடக்கப் பள்ளி என்றால் காலண்டர் கல்லூரி. அந்தக் கல்லூரிக்கு முதல்வராக வந்து சேர்ந்தவர் கொண்டையராஜு. 1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். கொஞ்ச காலம் திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் இருந்துவிட்டு, அப்புறம் நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதப் போனார். மோட்சத்துக்கும் நாடகக் கொட்டகைக்கும் இவ்வளவு கிட்டத்தில் வழி போட்டவர் வேறு யாரும் இருக்க முடியாது. கம்பெனி ஊர் ஊராகச் சுற்றி 1942-ல் கோவில்பட்டிக்கு வந்து, வந்த இடத்தில் கலைந்தது. அம்பாளே அவரை இங்கே இறக்கிவிட்டாள் என்று பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வார்கள். இருக்கலாம். ஒரு ஓவியனை ஓர் ஊரில் தங்கவைக்க, ஒரு நாடகக் கம்பெனியையே கலைக்க வேண்டியிருந்ததா என்று அம்பாளிடம்தான் கேட்க வேண்டும்.

தேவி ஆர்ட் ஸ்டுடியோ திறந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சுப்பையா, ராமலிங்கம், மீனாட்சிசுந்தரம் என்று சிஷ்யப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். மீனாட்சி கல்யாணமும் கீதோபதேசமும் இந்த ஊர்ச் சந்துகளில் வண்ணமாகி, சிவகாசி அச்சகங்களில் லட்சக்கணக்கில் பெருகி, தென்னிந்தியாவின் பூஜை அலமாரிகளுக்குக் குடிபோயின. உங்கள் தாத்தா வீட்டில் நடுக்கூடத்தில் இருந்த முருகனை ஒருதரம் நினைத்துப் பாருங்கள். கன்னத்தில் அந்த மினுமினுப்பு, உதட்டில் அந்தச் சிரிப்பு, எந்த மூலையில் நின்று பார்த்தாலும் நம்மையே பார்க்கும் அந்தக் கண்கள். பழனியிலிருந்து வந்தவர் போலத் தெரியும். வந்தது கோவில்பட்டி வழியாகத்தான்.

இதில் விளம்பரம் எங்கே என்றால், சாமியின் காலுக்குக் கீழே. அங்கே ஒரு பட்டை காலியாக விட்டிருப்பார்கள். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று புது ஆல்பம் வெளியாகும். ஏஜெண்டு அதைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறுவார். பலசரக்குக் கடை அண்ணாச்சி புரட்டிப் பார்த்து, 'இந்த வருஷம் லட்சுமி இருக்கட்டும், போன வருஷம் பிள்ளையார் போட்டதில் யாவாரம் மந்தம்' என்று ஆண்டவனை மாற்றிவிட்டு, கீழே தன் கடைப் பெயரை அச்சடிக்கச் சொல்வார். தை பிறந்தால் அது வீட்டுச் சுவரில் ஏறும். வீட்டம்மா மஞ்சள் குங்குமம் வைப்பாள், ஊதுபத்தி காட்டுவாள், கண்ணை மூடிக் கும்பிடுவாள். சாமிக்குக் காட்டிய சூடத்தில் பாதி வெளிச்சம் அண்ணாச்சி கடைப் பெயரின் மேல் விழும். விளம்பரத்தைப் பார்க்கவைப்பதே பெரும்பாடு என்று உலகத்துக் கம்பெனிகள் அழுதுகொண்டிருந்தபோது, விளம்பரத்தை 365 நாளும் விழுந்து கும்பிடவைத்தவர்கள் நாம். அதற்குள் இருந்த சூட்சுமம் ஒன்றே ஒன்று. விற்கிறவன் கீழே இருக்க வேண்டும், சின்னதாக இருக்க வேண்டும், மேலே இருப்பவரை மறைக்கக் கூடாது.

இந்த சூட்சுமம் தெரியாத எதிர்க்கட்சியும் நம்மூரிலேயே உண்டு. கபடிப் போட்டி நோட்டீஸ். 'மாபெரும் மின்னொளிக் கபடி' என்று தலைப்பிருக்கும். அடுத்து முதல் பரிசு வழங்குபவர், இரண்டாம் பரிசு வழங்குபவர், கோப்பை உபயம், டியூப் லைட் உபயம், குடிதண்ணீர் உபயம், வாழ்த்துரை, முன்னிலை, சிறப்பு முன்னிலை என்று ஐம்பது பெயர் இருக்கும். முப்பது பாஸ்போர்ட் போட்டோ இருக்கும். கூலிங் கிளாஸ் போட்டவர் நாலைந்து பேராவது தேறுவார்கள். கபடி ஆடுகிறவன் ஒருத்தன் படமும் இருக்காது. எந்தத் தேதி, எந்த ஊர்ப் பொட்டல் என்பதை அடிவாரத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். காலண்டரைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் கபடி நோட்டீஸ். நாட்டிலுள்ள விளையாட்டு விளம்பரங்களில் முக்கால்வாசி இந்த நோட்டீஸ் வம்சம்தான்.

கபில் தேவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸில் கோப்பையைத் தூக்கினார். அடுத்து நாடு அவரை விட்டதா? ஷேவிங் கிரீமைக் கையில் கொடுத்தது, பூஸ்ட் தம்ளரைக் கையில் கொடுத்தது. பூஸ்ட்தான் என் சக்தியின் ரகசியம் என்று அவர் சொல்ல, பக்கத்தில் ஒரு பொடியன் நம் சக்தி என்று திருத்த, கோடிக்கணக்கான பேர் காதில் விழும்படி உரக்கச் சொல்லப்பட்ட ஒரே ரகசியம் அதுவாகத்தான் இருக்கும். நம் பக்கத்தில் பூஸ்ட் நன்றாகவே விற்றது. பவுடர் தீர்ந்ததும் பாட்டிலில் மிளகாய்ப் பொடி போட்டு வைத்தோம், அதிலும் சக்தி இருக்கத்தான் செய்தது. ஆனால் கைவேலை என்று பார்த்தால் அது கபடி நோட்டீஸ்தான். பெரிய மனுஷன் படம், பக்கத்தில் சரக்கு, சத்தமாகப் பெயர். வேறொன்றுமில்லை.

நான் புகழப்போவதும் ஒரு கிரிக்கெட் விளம்பரத்தைத்தான். அதனால் இங்கே ஒரு வழக்கை முடித்துவிட்டுப் போக வேண்டும். இது ஹாக்கி ஊர். 'ஹாக்கிபட்டி' என்று பெயரே உண்டு. லட்சுமி அம்மாள் கோப்பைக்கு அகில இந்திய அணிகள் இங்கே வந்து ஆடுகின்றன. செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கிறது. இந்த ஊர் மாரீஸ்வரன் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார், இங்கே பயிற்சி எடுத்த அரியலூர் கார்த்தியும் கூடவே ஆடினார். இப்பேர்ப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு கிரிக்கெட் விளம்பரத்தைப் புகழலாமா என்று கேட்பார்கள். புகழத்தான் வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஹாக்கியில் விளம்பரத்துக்கு இடமே இல்லை. பாதிக்கு 35 நிமிஷம் என்று இருந்த காலத்தில், ஆட்டம் தொடங்கினால் மூச்சு விடுவதற்கே அவகாசம் கிடையாது, அதில் எவன் சோப்பு விற்பது? 2014-க்கு மேல் சர்வதேசப் போட்டிகளை நாலு கால்பகுதியாக வெட்டிய பிறகுதான் கொஞ்சம் சந்து கிடைத்தது. கிரிக்கெட்டோ ஆறு பந்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து, 'வாங்க, கடை போட்டுக்கிடுங்க' என்று விளம்பரக்காரனைக் கூப்பிடும் விளையாட்டு. அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த வெள்ளைக்காரனுக்கு டி.வி. வரப்போவது முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்று எனக்குப் பலத்த சந்தேகம்.

டி.வி. நமக்கு வந்ததே கடல் தாண்டித்தான். கொடைக்கானல் கோபுரம் எழும்புவதற்கு முன்னால், 1982-ல் தொடங்கிய இலங்கை ரூபவாகினிதான் தெற்குச் சீமைக்கு முதல் படம் காட்டியது. மொட்டை மாடியில் ஒருவர் ஆண்டெனாவைத் திருப்ப, கீழே இருந்து ஒருவர், 'இன்னும் கொஞ்சம்... போதும்... ஐயோ போயிருச்சி' என்று கத்த, அந்த வருஷங்களில் கரிசல் நாட்டு வாலிபர்கள் பாதிப் பேர் மாடியிலும் பாதிப் பேர் கீழேயுமாகவே வளர்ந்தார்கள். பிறகு தூர்தர்ஷன் தெளிந்தது. இந்தி விளம்பரங்கள் வந்தன. அர்த்தம் புரியாதது ஒரு குறையாகவே யாருக்கும் படவில்லை. சிங்களமே புரியாமல் பார்த்துப் பழகிய கண்களுக்கு இந்தி எம்மாத்திரம்?

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் 1994 வாக்கில் அந்தப் பெண் மைதானத்துக்குள் ஓடி வந்தாள்.

கதையைச் சொல்லிவிடுகிறேன், மறந்தவர்களுக்கும் அப்போது பிறக்காதவர்களுக்கும். கிரிக்கெட் மைதானம். வெள்ளை உடுப்பு. மட்டைக்காரன் 99-ல் நிற்கிறான். கூட்டத்துக்குள் பூப்போட்ட கவுன் அணிந்த ஒருத்தி. வேறு யாராவது என்றால் பதற்றத்தில் நகத்தைக் கடிப்பார்கள், இவள் கேட்பரி டெய்ரி மில்க் சாக்லேட்டைக் கடிக்கிறாள். பந்து வருகிறது. தூக்கி அடிக்கிறான். எல்லையில் ஒருத்தன் அண்ணாந்து காத்திருக்கிறான். போச்சுடா என்று நாம் நினைக்கிறோம். பந்து அவனைத் தாண்டி விழுகிறது, சிக்ஸர். அவள் எழுந்து ஓடி வருகிறாள், காவல்காரருக்குப் போக்குக் காட்டி நழுவி, மைதானத்துக்குள் புகுந்து ஆடுகிறாள். ஆட்டம் என்றால் பாவம், ராகம், தாளம் எதுவும் இல்லை. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். மட்டைக்காரனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது. வந்து கட்டிக்கொள்கிறாள். முடிந்தது. ஒரு நிமிஷத்துச் சமாச்சாரம்.

இதைக் கோவில்பட்டித் தராசில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் அந்த 99. 60 என்று வைத்திருந்தால் யாருக்கும் அக்கறை இல்லை. 100 என்று வைத்தால் கதை ஏற்கெனவே முடிந்துவிட்டது. 99 என்று பலகையில் தெரிந்த நிமிஷத்தில், அவன் காலையிலிருந்து ஆடிக்கொண்டிருக்கிறான், களைத்திருக்கிறான், பயந்திருக்கிறான், அவள் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று அத்தனை முன்கதையும் நமக்கே தெரிந்துவிடுகிறது. இரண்டு இலக்கத்தில் ஒரு நாளைச் சுருட்டி வைத்தது சாதாரண வேலையில்லை. அதிலும் அது எந்த வருஷம்? நாடே சச்சின் டெண்டுல்கரின் முதல் ஒருநாள் சதத்துக்காக வாயில் விரலை வைத்துக் காத்திருந்த நேரம். 78 ஆட்டம் ஆடியும் வராத சதம், 1994 செப்டம்பரில் கொழும்பில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 79-வது ஆட்டத்தில்தான் வந்தது. இந்தியர்களுக்கு நூறு என்ற எண்ணின் மேல் இருக்கும் மோகத்துக்கு மருத்துவத்தில் இன்னும் பெயர் வைக்கவில்லை. ஹாக்கியில் இப்படி ஓர் எண் கிடையாது என்பதையும் மறுபடி ஒருமுறை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

அடுத்தது அந்த எல்லைக்கோட்டு ஆள். அவனுக்குச் சம்பளம் எவ்வளவு கொடுத்தார்களோ, இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்திருக்கலாம். அவன் இல்லாவிட்டால் சிக்ஸர் வெறும் சிக்ஸர். அவன் அண்ணாந்து நிற்கும் அந்த ஒரு விநாடியில்தான் நம் உயிர் தொண்டைக்கு வருகிறது. வந்த உயிர் திரும்பி இறங்கும்போதுதான் அவள் எழுந்து ஓடுகிறாள். அவளோடு சேர்ந்து நாமும் கொஞ்ச தூரம் ஓடிவிடுகிறோம். காவல்காரர் இன்னொரு நல்ல சேர்க்கை. தடுக்க ஆளில்லாத ஓட்டம் நடைப்பயிற்சியாகத்தான் இருந்திருக்கும்.

மூன்றாவது, அந்த ஆட்டம். ஆடிய ஷிமோனா ராஷி நாட்டியம் படித்தவர் இல்லை. இயக்கிய மகேஷ் மத்தாய் அதை நாட்டியமாக்க முயற்சி செய்யவும் இல்லை. இந்த இடத்தில் நம்மூர் சினிமா இயக்குநர் ஒருவரை நிறுத்திப் பாருங்கள். பின்னால் நாற்பது பேரை ஒரே நிறச் சட்டையில் நிறுத்தி, ஆடுகளத்தில் புகையடித்து, நடுவரையும் இரண்டு ஸ்டெப் போடச் சொல்லியிருப்பார். நன்றாக ஆடுகிறவர்களைப் பார்த்தால் நாம் கைதட்டுவோம். மோசமாக ஆடுகிறவர்களைப் பார்த்தால்தான் நமக்கும் ஆடத் தோன்றும். லாட்டரி விழுந்தவன் பரதம் ஆடுவதில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். அந்த மட்டைக்காரனின் வெட்கம். கேட்பரி கம்பெனிக்கு அப்போது இருந்த வியாதி என்ன? சாக்லேட் என்றால் பிள்ளைகள் சமாச்சாரம் என்று நாடு முடிவு கட்டியிருந்தது. மீசை முளைத்தவன் சாக்லேட் தின்றால் கூச்சம். வாங்கினாலும் 'பேத்திக்கு' என்று கடைக்காரரிடம் வாக்குமூலம் கொடுத்துவிட்டுத்தான் வாங்குவான். இந்தக் கூச்சத்தைப் போக்க வேண்டும். 'பெரியவர்களே, கூச்சப்படாதீர்கள்' என்று சொன்னால் நோட்டீஸ் ஆகிவிடும். அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், நம்முடைய கூச்சம் மொத்தத்தையும் கழற்றி அந்த மட்டைக்காரன் தலையில் வைத்துவிட்டார்கள். அவன் நமக்காக வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொள்கிறான். நாம் நிம்மதியாக அவள் பக்கம் சேர்ந்துகொள்கிறோம். இத்தனை பேர் பார்க்க இவள் ஆடலாம் என்றால், நான் ஒரு மூலையில் நின்று ஒரு துண்டு கடித்தால் என்ன குடி முழுகிவிடும்? வியாபாரம் நடந்தது அந்த இடத்தில்தான், சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல். பாலைப் பற்றிப் பேச்சில்லை, கோகோவைப் பற்றிப் பேச்சில்லை, வாங்குங்கள் என்ற கெஞ்சல் இல்லை. அவள் மேலே, சாக்லேட் அவள் கையில் சின்னதாக, கடைசியில் கம்பெனிப் பெயர் ஒரு பட்டையில். கொண்டையராஜு 1976-லேயே காலமாகிவிட்டார். இருந்திருந்தால், 'லட்சுமிக்குப் பதில் கவுன் போட்ட பிள்ளை, அவ்வளவுதானே' என்று சொல்லிவிட்டுத் தூரிகையைக் கழுவப் போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

விளம்பரத்தின் பின்னணியில் ஒலித்த பாட்டை எழுதியவர் ஓகில்வி நிறுவனத்தின் பியூஷ் பாண்டே. 2025 அக்டோபரில் காலமானார். ஜெய்ப்பூர்க்காரர், ராஜஸ்தானுக்காக ரஞ்சி ஆடியவர், கொஞ்ச காலம் தேயிலை ருசி பார்க்கும் உத்தியோகமும் பார்த்தவர். மைதானத்தில் காய்ந்தவன், நாக்கை வைத்துச் சம்பாதித்தவன் இரண்டு பேரும் ஒரே ஆளாக இருந்தால் கிரிக்கெட்டும் சாக்லேட்டும் சேரத்தான் செய்யும். இசை லூயிஸ் பேங்க்ஸ். 1988-ல் தூர்தர்ஷன் நம்மையெல்லாம் ஒருமைப்பாட்டில் நனைத்து எடுத்ததே 'மிலே சுர் மேரா தும்ஹாரா', அதிலும் இவர்கள் இரண்டு பேருக்கும் பங்குண்டு. நாட்டை ஒன்றுசேர்த்த கையோடு சாக்லேட்டையும் சேர்த்துவிட்டார்கள். இந்தியில் பாடியவர் செம்பூர்த் தமிழர் வீட்டுப் பிள்ளை சங்கர் மகாதேவன். 'ப்ரெத்லெஸ்' பாடி நாட்டையே மூச்சுமுட்ட வைப்பதற்கு நாலு வருஷம் முன்னால், இங்கே சாவகாசமாக மூச்சு விட்டுப் பாடியிருக்கிறார்.

இவ்வளவு புகழ்ந்தபின் ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். கதை புதுசில்லை. 1960 ஜனவரியில் பம்பாய் பிரபோர்ன் மைதானத்தில் இந்தியாவுக்கும் ரிச்சி பெனோவின் ஆஸ்திரேலியாவுக்கும் டெஸ்ட். அப்பாஸ் அலி பெய்க் என்ற ஹைதராபாத் பையன், வயது இருபது, அரைச் சதம் அடித்துவிட்டுத் தேநீர் இடைவேளைக்கு நடந்து வருகிறான். பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு பெண் ஓடி வந்து கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். இந்தியக் குடியரசு ஆடிப்போனது. பத்து வருஷமாகக் கட்டிக் காத்த ஐந்தாண்டுத் திட்ட ஒழுக்கம் ஒரு விநாடியில் காலி. வானொலியில் வர்ணனை செய்துகொண்டிருந்த பழைய ஆட்டக்காரர் விஜய் மெர்ச்சண்ட், நான் நூறும் இருநூறுமாக அடித்துக் குவித்தபோது இந்தப் பெண்களெல்லாம் எங்கே போயிருந்தார்கள் என்று மைக்கிலேயே புலம்பினார். இந்திய விளையாட்டு வர்ணனையில் இதைவிட நேர்மையான ஒரு வாக்கியம் இதுவரை ஒலிபரப்பானதில்லை. சல்மான் ருஷ்டி இந்த முத்தத்தைத் தன் நாவல் ஒன்றில் ஓவியமாகவே தீட்டி மாட்டிவிட்டார். முத்தம் கொடுத்தவளுக்கு அன்றைக்கு எந்தக் கம்பெனியும் ஒரு மிட்டாய்கூடக் கொடுக்கவில்லை. முப்பத்து நாலு வருஷம் கழித்துச் சாக்லேட் கம்பெனி அந்தக் காட்சிக்கு வாரிசுதாரர் ஆகிவிட்டது.

அதற்கும் பின்னால் போனால் கலித்தொகை. முல்லைக்கலியில் ஏறு தழுவும் காட்சியைப் படித்தவர்களுக்குத் தெரியும். நடுவே தொழுவம், சுற்றிலும் பரண், பரணில் ஆயர் மகளிர், தொழுவத்துக்குள் கொம்பு சீவிய காளை. அடக்குகிறவனுக்குப் பெண். கொம்புக்குப் பயந்தவனை அடுத்த பிறவியிலும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டாளாம். மைதானம், கூட்டம், பதற்றம், பரணில் ஒருத்தி, களத்தில் ஒருத்தன் என்று எல்லாச் சாமானும் அப்போதே தயார். ஒரே ஒரு வித்தியாசம்தான். அங்கே பெண்ணே பரிசு, விளம்பரதாரர் பெண்ணைப் பெற்றவர். மாப்பிள்ளை தேடும் செலவை மாட்டின் கணக்கில் எழுதிய அந்தத் தகப்பன்தான் தமிழ்நாட்டின் முதல் விளையாட்டு விளம்பர நிபுணர் என்பது என் துணிபு. டெய்ரி மில்க் பெண் பரிசாக உட்கார்ந்திருக்கவில்லை. யாரும் கூப்பிடாமல் எழுந்து வந்தாள். சங்ககால ஆயர் மகள் பரணிலிருந்து இறங்கி, காளையைச் சுற்றி ஆடியிருந்தால் உரையாசிரியர்கள் என்ன பாடு பட்டிருப்பார்களோ!

அந்தப் பத்தாண்டில் இன்னொரு விளம்பரமும் பேர் வாங்கியது. 1996 உலகக் கோப்பைக்கு அதிகாரபூர்வ பானம் என்ற பட்டத்தைக் கோகோ கோலா தட்டிக்கொண்டு போக, பெப்சி கொஞ்சமும் அசராமல், 'இதில் அதிகாரபூர்வம் ஒன்றுமில்லை' என்று தோற்றதையே கொடியாகக் கட்டிப் பறக்கவிட்டது. பட்டம் வாங்கினவனை விட்டுவிட்டு வாங்காதவனை ஊர் நினைவில் வைத்துக்கொண்டது. போக்கிரித்தனத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். அந்தக் கோப்பைக்கே வில்ஸ் என்று சிகரெட்டின் பெயர்தான். அதைப் பற்றவைக்க ஒரு குச்சி வேண்டியிருந்திருக்குமே, அந்த வகையில் நம் வட்டாரத்துக்கும் உலகக் கோப்பையில் ஒரு பங்கு உண்டு என்று யாரும் எழுதாததால் நானே எழுதி வைக்கிறேன்.

சாக்லேட்டுக்கு நம்மூரில் ஒரு சங்கடம் உண்டு. கோகோ வெண்ணெய் 34 டிகிரிக்குப் பக்கத்தில் உருகிவிடும். கோவில்பட்டியில் சித்திரை மாதத்துக்கு அது காலைப் பத்து மணி வெயில். அந்தப் பெண் எங்கள் ஊர் மைதானத்தில் 99 வரை காத்திருந்தால், கையில் இருந்ததைக் கடிக்க முடியாது, குடிக்கத்தான் வேண்டும். இந்த ஊருக்கென்று ஆண்டவன் கொடுத்தது கடலை மிட்டாய். கரிசலில் விளைந்த கடலை, பாகு பதத்தில் காய்ச்சிய வெல்லம், மேலே தூவ வண்ணத் தேங்காய்ப்பூ. எந்த வெயிலுக்கும் அசையாது. சுதந்திரத்துக்கு முன்னால் சந்தையில் ஒரு பலசரக்குக் கடையில் பிறந்து, ஒரு நடிகையும் ஒரு மட்டைக்காரனும் இல்லாமலே 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. பெருமைதான். ஆனால் அதை வைத்து ஒரு விளையாட்டு விளம்பரம் எடுக்கச் சொன்னால் எனக்குக் கை நடுங்கும். 99-ல் நிற்கும்போது கடலை மிட்டாயைக் கடித்தால் வரும் சத்தத்தில் மட்டைக்காரன் திரும்பிப் பார்ப்பான், ஸ்டம்ப் போய்விடும்.

2021 செப்டம்பரில் அந்தச் சாக்லேட் விளம்பரம் மறுபடி வந்தது. அதே கம்பெனி, அதே ஓகில்வி, அதே பாட்டு. மட்டையோடு நிற்பவள் பெண், கூட்டத்தில் உட்கார்ந்து கடிப்பவன் ஆண். அவன் ஓடி வருகிறான், ஆடுகிறான், அவள் வெட்கப்படுகிறாள். ஊரே கைதட்டியது, கண்கலங்கியது. பெண்கள் கிரிக்கெட் திரையின் நடுவுக்கு வந்தது நல்ல காரியம், அதில் எனக்குப் பேச்சில்லை. கைவேலையில் மட்டும் ஒரு மாற்றுக் குறைவு. முதல் படத்தில் அவள் ஓடும்போது அடுத்து என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாது, இரண்டாவதில் ஒவ்வொரு அடியும் தெரியும். அவன் ஆடுவதும் கொஞ்சம் நன்றாகவே இருந்துவிட்டது. ஆனாலும் சதம் அடித்துவிட்டு ஒரு பெண் நிற்க, அவள் மாப்பிள்ளை காவல்காரருக்குத் தண்ணி காட்டி ஓடிவந்து கோமாளித்தனம் பண்ணுவதை நாடு தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது இருபத்தேழு வருஷத்தில் நடந்த பெரிய மாற்றம்தான். மெர்ச்சண்ட் மட்டும் இருந்திருந்தால், 'பையன்களாவது ஓடி வந்திருக்கலாமே' என்று கணக்கில் சேர்த்திருப்பார்.

இரண்டு படத்தையும் செல்போனில் அடுத்தடுத்து, பழைய ஹாக்கி ஆட்டக்காரரான ஓர் அண்ணாச்சிக்கு டீக்கடையில் போட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டையும் முழுசாகப் பார்த்தார். எப்படி இருக்கு அண்ணாச்சி என்றேன்.

"அந்தப் பிள்ளை உள்ளே வந்திச்சே, அம்பயர் விசிலே ஊதலியேடே?"

"கிரிக்கெட்டில் விசில் கிடையாது அண்ணாச்சி."

"அதான் பாத்தேன். நம்ம ஆட்டம்னா பச்சை அட்டை காட்டி ரெண்டு நிமிஷம் வெளிய உக்கார வச்சிருப்பான். உக்காந்து மிச்ச மிட்டாயைத் தின்னுட்டு வரட்டும்."

டீக்கு அவரே காசு கொடுத்தார்.